நாலாவது விளக்குக்கு முன்னால் நடந்தவர்கள்

"இந்தக் கம்பிய எங்கயோ பாத்திருக்கேன்டா" என்று டீக்கடைப் பக்கம் லாரிக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது, வத்தலக்குண்டில் மோசஸின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அன்னக்கொடியின் காதில் விழுந்தது. "கம்பியில என்னண்ணே இருக்கு, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் மற்றவர். அதோடு டீயைக் குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அன்னக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய பிக்கப் வண்டியில், கேபினுக்குப் பின்னால், வாழைத்தார் ஏற்றும் தொட்டியின் தலைமாட்டில் அந்தக் கம்பி புதிதாக நின்றது. டிரைவர்கள் அதை ரோல் பார் என்பார்கள். மூங்கில்பள்ளத்திலிருந்து கீழே இறங்கும் மலைச்சாலையில், பதினோராம் வளைவில், தடுப்புக் கம்பியாக வெகுகாலம் நின்ற குழாய் அது. புதுத் தடுப்பு வந்ததும் பழையது ஏலத்தில் போய், இரும்புக்கடைக்கு வந்து, அங்கிருந்து வெல்டிங் பட்டறைக்கு வந்து, வளைந்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறிவிட்டது. வெல்டர் சொல்லித்தான் விற்றார். அந்தக் குழாய் வெளியூர்க்காரன் வண்டியில் போவதை அவள் விரும்பவில்லை.

ஏனென்றால் மூங்கில்பள்ளத்தின் சுடுகாடு பதினோராம் வளைவுக்குக் கீழேதான் இருக்கிறது. ஊரில் யார் இறந்தாலும் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் அந்த வளைவுக்கு வந்ததும், தடுப்புக் கம்பியில் பாடையைச் சாய்த்துவைத்து, பீடி பிடிக்கிறவர்கள் பிடித்து, தோள் மாற்றிக்கொண்டுதான் மேற்கொண்டு போவார்கள். அப்படியாக, ஊரில் செத்தவர்கள் எல்லோரும் கடைசியாகச் சாய்ந்த இடம் அந்தக் கம்பி. அன்னக்கொடியின் அப்பா சாய்ந்திருக்கிறார், அம்மா சாய்ந்திருக்கிறாள். அவள் புருஷன் சன்னாசியின் பச்சைத் துண்டும் அதில்தான் தொங்கிக் கிடந்தது.

துண்டு மட்டும்தான் கிடைத்தது. ஒரு ஐப்பசி மாதத்து மத்தியானம், மேகம் இறங்கிச் சாலையை மூடியிருந்த வேளையில், சௌசௌ மூட்டையோடு இறங்கிய வண்டி பதினோராம் வளைவில் ஓரங்கட்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கம்பியில் துண்டு தொங்கியது. ஆள் இல்லை. கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள், நாயை விட்டுத் தேடினார்கள், ஒரு செருப்புகூட அகப்படவில்லை. அதன் பிறகு அவனைத் திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பழனியில் சாமியார் கூட்டத்தில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார், "பேருக்கேத்த மாதிரி போயிட்டான்" என்று கேலியும் பேசினார்கள். அன்னக்கொடி லைசென்ஸ் எடுத்து அதே வண்டியை ஓட்டத் தொடங்கினாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது.

மூங்கில்பள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவனுக்குக் கருமாதி செய்ய வேண்டுமென்றால் பெண்டாட்டி தன் வாயால், போயிட்டாரு என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாதவரை அந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடத்தக்கூடாது. சன்னாசியின் தம்பி வீரணனுக்கு ஒரு மகள், தர்ஷினி. பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் காது குத்தாமல் மூளிக்காதோடு திரிந்தாள். வீரணன் தன் மதினியிடம் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவன் பெண்டாட்டி செல்லக்கிளி மட்டும் பிள்ளைக்குத் தலை வாரும்போது காது மறைகிற மாதிரி முடியை இழுத்து இழுத்துப் பின்னுவாள். அதை அன்னக்கொடி பார்க்காமல் இல்லை.

மோசஸ் கம்பியில் துளை போட்டு நாலு விளக்கையும் வரிசையாகப் பொருத்திவிட்டான். ஓரத்தில் இரண்டு வெள்ளை, நடுவில் இரண்டு மஞ்சள். மஞ்சள்தான் மேகத்துக்குள் துளைத்துக்கொண்டு போகும்.

"நாலையும் நேரா சுவிட்சுல குடுத்தா சுவிட்சு உருகி ஊத்திரும்க்கா. ரிலே போட்டுத்தான் ஆகணும். பேட்டரிப் பக்கத்துலயே ஃப்யூஸும் வச்சிடுறேன்" என்று பேசிக்கொண்டே வயரைக் குழாயின் உள்வழியாக விட்டு, கேபினுக்கு அடியில் இழுத்து, டேஷ்போர்டில் சுவிட்சைப் பதித்தான். மூன்று விளக்குகளின் எர்த் வயரையும் அடிச்சட்டம்வரை கொண்டுபோய்ப் போல்ட்டில் முறுக்கினான். கடைசியாக நாலாவதற்கு, நடுவிலிருந்த மஞ்சளில் ஒன்றுக்கு, வந்தபோது கறுப்பு வயர் தீர்ந்துவிட்டது. கடைப்பையன் சாப்பிடப் போயிருந்தான். மோசஸ் கம்பியிலேயே ஓரிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் துளையிட்டு, அங்கேயே எர்த்தை முடுக்கினான்.

"அது அங்க போகலையே?" என்றாள் அன்னக்கொடி.

"எங்க குடுத்தாலும் இரும்பு இரும்புதானேக்கா. பாருங்க, என்னமா எரியுது."

எரிந்தது. வெயிலில் நாலும் ஒரே மாதிரிதான் எரிந்தன.

முதல் மேகம் இறங்கிய அன்று வண்டியில் அன்னக்கொடியும், டவுனுக்கு ரேஷன் கார்டு விஷயமாகப் போன பூசாரி ஒச்சப்பனும் இருந்தார்கள். ஏழாம் வளைவு தாண்டியதும் சாலை காணாமல் போயிற்று. அவள் மஞ்சள் சுவிட்சைப் போட்டாள். இரண்டு மஞ்சள் விளக்குகளில் ஒன்று சாலையைக் காட்டியது. மற்றொன்று, நாலாவது விளக்கு, சாலையில் நடந்து போகிற ஒருவரைக் காட்டியது. வண்டிக்குக் கொஞ்சம் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார் அவள் அப்பா. அவர் இறந்து வெகுநாளாகிறது. அன்னக்கொடி ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டு இரண்டாவது கியருக்கு வந்தாள். பக்கத்தில் பூசாரி கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "நம்ம கருப்பாயி போறா" என்றார். கருப்பாயி அவருடைய முதல் சம்சாரம். அவரவர் கண்ணுக்கு அவரவர் ஆள். இருவரும் நடையின் வேகத்தில் மலையைவிட்டு இறங்கினார்கள். மேகம் விலகிய இடத்தில் சாலை வெறுமையாகக் கிடந்தது.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஆச்சரியப்பட நேரமில்லை, இடம் பிடிக்க வேண்டியிருந்தது. கேபினில் அன்னக்கொடியைத் தவிர இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் தார்களுக்கு மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் நிற்கலாம். கோயில் முன்னால் கூட்டம் போட்டு, புதிதாகச் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் முறை, அப்புறம் தெருவாரியாக, பிள்ளைகளை ஏற்றக்கூடாது, குடித்தவனை ஏற்றவே கூடாது என்று முடிவு செய்தார்கள். மேகம் இறங்காத நாளில் முறை வந்தவர்கள் அடுத்த மேகத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேகம் இறங்குகிறதா என்று மொட்டைப்பாறைமேல் ஏறிப் பார்த்துச் சொல்வதற்கு ஆள் இருந்தது.

யாருக்கு யார் வருவார்கள் என்பது அவரவர் கையில் இல்லை. அம்மாவைப் பார்க்கப் போன ராக்காயிக்கு மாமியார் வந்தாள். "அங்க போயும் எனக்கு முன்னாடிதான் நடப்பேங்குறா" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேரளாவுக்கு விற்ற எருமையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டார், அதைக் கம்பியில் யார் சாய்த்தார்கள் என்று ஊரில் வெகுநாள் விவாதம் நடந்தது. ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போய், சட்டை வெள்ளையா நீலமா என்று இறங்கும்வரை சண்டை போட்டார்கள். தன் அண்ணன் கிழிந்த சட்டையோடு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர் புதுச்சட்டை தைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார், அடுத்த மேகத்தில் அண்ணன் புதுச்சட்டையோடு போனான், தோள்பட்டை மட்டும் கொஞ்சம் தொங்கியது. அதற்குப் பிறகு ஊரில் இருந்த ஒரே தையல்காரருக்கு ஓய்வு இல்லாமல் போயிற்று. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புதுமருமகள் ஒருத்தி மட்டும் எதுவும் தெரியவில்லை என்று அழுதாள்.

முகத்தை யாரும் பார்த்ததில்லை. இறங்கி ஓடிப் போய்ப் பார்க்க நினைத்தவர்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் தங்கள் நிழல்தான் மேகத்தில் பெரிதாக விழுந்தது. வண்டியை வேகமாக விட்டால் முதுகு நெருங்கி வரும், நெருங்க நெருங்கப் பிடரி மயிர்கூடத் தெரியும், யாருக்கும் அதற்குமேல் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மனம் வராது. ஆகவே வண்டி நடையில் இறங்கியது. சரக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

"என்னம்மா, மலையில இருந்து உருட்டிவிட்டாக்கூட சீக்கிரம் வந்துருமே" என்றார் கமிஷன் மண்டி கனி ராவுத்தர்.

"முன்னால ஆள் நடக்குறாங்க, மாமா."

"யாரு?"

"எங்கப்பா."

ராவுத்தர் மூங்கில்பள்ளத்துச் சரக்குக்கு மட்டும் ஏலத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னார். அவருக்கும் வாப்பா இல்லை.

மோசஸைக் கூட்டிக்கொண்டு வந்து வயரைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். "நாலாவது எர்த்து மட்டும் கம்பியில குடுத்திருக்கேன், வேணும்னா மத்த மூணு மாதிரி அடிச்சட்டத்துக்கே மாத்திடவா?" என்று அவன் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். "அதுல கை வச்ச, நடந்துதான் ஊரு போய்ச் சேருவ" என்றாள் ராக்காயி. அவனை அன்றைக்குக் கேபினில் உட்காரவைத்து மேகத்துக்குள் கூட்டிப்போனார்கள். அவனுக்குச் சாலைதான் தெரிந்தது. "எங்கம்மா இந்த ஊரு இல்லைல" என்றான், இறங்கும்போது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அன்னக்கொடி ஒவ்வொரு முறையும் மஞ்சள் சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். சன்னாசியின் பாடை அந்தக் கம்பியில் சாயவில்லை. ஆனால் அவன் கை பட்டிருக்கிறது, அவன் துண்டு கிடந்திருக்கிறது. செத்திருந்தால் வருவான். வந்தால் செத்திருக்கிறான். அவள் சுவிட்சைப் போடுவாள், வேட்டியைத் தூக்கிப் பிடித்த அப்பா சாய்ந்து சாய்ந்து முன்னால் போவார், அவளுக்கு மூச்சு வரும். பெற்ற அப்பனைப் பார்த்து, இவர்தானே என்று ஆறுதல் அடைகிற மகளாக அவள் அந்த மழைக்காலம் முழுவதும் இறங்கினாள்.

கார்த்திகையில் ஒருநாள் அப்பா வரவில்லை.

வண்டிக்குள் செல்லக்கிளி இருந்தாள். அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு மெல்ல மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அன்னக்கொடிக்கு முன்னால் சன்னாசி நடந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். தலையில் துண்டு இல்லை, அது அவள் பெட்டியில் இருந்தது. ஈரத்தலை. நடக்கும்போதே ஒற்றை விரலால் பின்கழுத்தைச் சொறிகிற பழக்கம் அப்படியே இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று வளைவுகளில் வண்டி திரும்புகிற மாதிரியே திரும்பி நடந்தான். பதினோராம் வளைவில் மட்டும் திரும்பவில்லை. சாலை இடதுபக்கம் வளைய, அவன் நேராக நடந்து, புதுத் தடுப்புக்குள் புகுந்து, மேகத்துக்குள் போனான்.

அன்னக்கொடி பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னால் தார்கள் சரிந்தன.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல கிளி. பிரேக்கு சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

அதற்குப் பிறகு அப்பா வரவே இல்லை. மேகம் இறங்கிய நாளெல்லாம் சன்னாசி வந்தான், ஏழாம் வளைவிலிருந்து பதினொன்றுவரை முன்னால் நடந்தான், நேராகப் போனான். அன்னக்கொடி யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமாவது சொன்னால் அது வாய் திறந்து சொன்னதாக ஆகிவிடும். பிறகு அவள் மேகத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். மேகம் இருட்டிக்கொண்டு வந்தால் தலையை வாரி, முற்றத்து டிசம்பர்ப் பூவைக் கிள்ளி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நடையைவிட மெதுவாக ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் பதினோராம் வளைவில் பிரேக் ஆறியது.

"அப்பனப் பாக்கப் போறதுக்கா பூ வைக்குறா?" என்று ராக்காயி தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள்.

ஒரு மேகத்தன்று வீரணன் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வழியெல்லாம் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஒன்பதாம் வளைவில் கேட்டான்.

"மதினி, ஒங்களுக்கு யாரு தெரியுறா?"

அன்னக்கொடிக்கு எதிரே சன்னாசி பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு போனான்.

"அப்பாதான், தம்பி."

"எப்பவுமா?"

"எப்பவும்."

வீரணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "அப்ப அண்ணன் இருக்காரு" என்றான். "இருக்காரு மதினி. செத்திருந்தா ஒங்களுக்கு வராம வேற யாருக்கு வருவாரு? நான்தான் கோட்டிக்காரன் மாதிரி இத்தன நாளு கையக் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

சொன்னதோடு அவன் நிற்கவில்லை. மிளகுக்கொடி கட்டுகிற பருவத்தில் தோட்டத்தைப் போட்டுவிட்டு, அண்ணனின் பழைய போட்டோவை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனி வாசல்களில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் நின்று முகம் முகமாகப் பார்த்தான். பழனியில் மடம் மடமாகப் படுத்து எழுந்தான். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செல்லக்கிளி வெந்நீரில் உப்புப் போட்டு அவன் காலை வைத்துவிட்டு, "தோட்டத்துல கொடியெல்லாம் தரையில கெடக்கு" என்று மட்டும் சொன்னாள். மூளிக்காதோடு தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த அன்னக்கொடி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க மதினி" என்றான் வீரணன். "உக்காருங்க. இவரு மாதிரி ஒருத்தர் சேலத்துல லாரி செட்டுல வேல பாக்குறதா ஒரு பையன் சொன்னான். நாலு நாளு போகட்டும், கால் ஆறுனதும் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"கால் ஆறட்டும் தம்பி" என்றாள் அன்னக்கொடி. அன்றிரவு அவள் சோறு வடிக்கவில்லை.

கால் முழுக்க ஆறுவதற்கு முன்பே அவன் கிளம்பிவிட்டான். சௌசௌ ஏற்றிய வண்டியில் மடியில் பையோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். செல்லக்கிளி கட்டிக் கொடுத்த புளிச்சோற்று வாசனை கேபின் முழுவதும் இருந்தது. ஏழாம் வளைவில் மேகம் அடைத்துக்கொண்டது. அன்னக்கொடி மஞ்சள் சுவிட்சைப் போட்டாள். அன்றைக்கு அவள் பூ வைத்திருக்கவில்லை.

சன்னாசி நடந்தான். எட்டு, ஒன்பது, பத்து. அவள் அவன் பிடரியை, ஈரத்தலையை, வலது தோள் சற்று ஏறியிருப்பதை, செருப்பில்லாத குதிகாலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினோராம் வளைவு வருவதற்கு முன்னால், சாலை இன்னும் நேராக இருக்கும்போதே, வண்டியை ஓரங்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தாள். இன்ஜினை அணைக்கவில்லை. வண்டி நின்றதும் அவனும் நின்றான், முதுகைக் காட்டியபடி.

"பிரேக்கா மதினி?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி."

வீரணன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்கண்ணன் போயிட்டாரு" என்றாள் அன்னக்கொடி.

அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவனுக்கு அவன் அப்பாதான் தெரிந்தார். மறுபடியும் மதினியின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மடியிலிருந்த பை சரிந்து காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"எப்பயிருந்து மதினி?"

"கார்த்திகையில இருந்து."

வைப்பர் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. வீரணன் உள்ளங்கையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. அன்னக்கொடி சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சேலையைச் செருகி, டயரில் கால் வைத்து, சௌசௌ மூட்டைகள்மேல் ஏறினாள். நாலாவது விளக்கு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த நட்டைத் தளர்த்தி, விளக்கை அப்படியே பின்பக்கமாக, மேலே மூங்கில்பள்ளத்துக்குப் போகிற சாலையைப் பார்த்துத் திருப்பினாள். மஞ்சள் வெளிச்சம் ஏற்றத்தில் விழுந்தது. ஆடாதபடி நட்டை நன்றாக முடுக்கினாள். இறங்கி வந்து உட்கார்ந்து, பின்னால் ஊரைப் பார்த்து நடப்பவரைப் பார்த்துவிடாதபடி இந்தப்பக்கக் கண்ணாடியை மடக்கினாள், எட்டி அந்தப்பக்கக் கண்ணாடியையும் மடக்கினாள். கைப்பிரேக்கை விட்டு, ஹாரனை ஒருமுறை அடித்து, வண்டியை இடதுபக்கம் வளைத்தாள்.